கோலிக்கு நாற்பது சொல்

எங்கள் பத்திரிகையில் கடைசிக்கு முந்தைய பக்கம் என்னுடையது. அந்த மாதம் உலகத்தில் எங்கெங்கோ காலமான பெயர்பெற்றவர்களில் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு நாற்பது சொல்லுக்குள், தபால்தலை அளவுப் படத்தோடு போடுவோம். பக்கத்துக்குத் தலைப்பு ‘விடைபெற்றவர்கள்’. அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘போனவங்க பக்கம்’ என்பார்கள். டீ குடிக்கும் இடத்தில் என்னைப் பார்த்தால், “இந்த மாசம் ஹவுஸ்ஃபுல்லா?” என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் சங்கடமாக இருந்தது. பிறகு, “ஒரு சீட் காலியா இருக்கு, வர்றீங்களா?” என்று நானே கேட்கப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்துக்கு இரண்டே விதிகள். ஆள் நிஜமாகவே இறந்திருக்க வேண்டும். சொந்த நாட்டைத் தாண்டி இன்னொரு நாட்டிலாவது அவரைத் தெரிந்திருக்க வேண்டும். முதல் விதி வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் வதந்தி கிளம்பாத நாளே கிடையாது. “செத்தவரை விட்டுட்டா அடுத்த மாசம் போட்டுக்கலாம். இருக்கறவரைப் போட்டுட்டா நான் யார் முகத்துல முழிக்கறது?” என்பார் எங்கள் பத்திரிகையின் ஆசிரியர். அதனால் ஒவ்வொருவருக்கும் குடும்பத்தாரிடமோ நெருங்கியவர்களிடமோ ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்யாமல் நான் எழுத உட்காருவதில்லை.

என் மாமனார் எங்களோடுதான் இருந்தார். இளமையில் தேசியக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பிறகு நகரின் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குக் ‘கோலி’ என்று பெயர். கோல்கீப்பர் என்பது சுருங்கி அப்படி ஆனது. தெருப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஏதோ கோலிக்குண்டு ஆட்டத்தில் பெரிய கில்லாடி என்று நினைத்துக்கொண்டு, அவரை ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். அவரும் போவார். எல்லாக் குண்டையும் தோற்றுவிட்டு வருவார்.

அவருக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘எண்ணெய்க்கை.’

கதை ஊர் உலகத்துக்கே தெரியும். ஒரு சர்வதேசப் போட்டியின் அரையிறுதி. ஆட்டம் சமநிலையில் முடியப்போகிற நேரம். எதிரே விளையாடியது யாரும் பொருட்டாக மதிக்காத ஒரு சின்னத் தீவு நாடு. அவர்களுடைய முன்கள ஆட்டக்காரர் தூரத்திலிருந்து ஒரு பந்தை அடித்தார். மாமனார் அதைப் பிடித்து, மார்போடு அணைத்தும்விட்டார். கூட்டம் மூச்சு விட்டது. அடுத்த நொடி பந்து அவர் கையிலிருந்து வழுக்கி, கால்களுக்கு நடுவே புகுந்து, அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டியது. அவர் திரும்பி விழுந்து கையை நீட்டுகிற படம் இன்றைக்கும் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தீவு நாடு இறுதிப் போட்டிக்குப் போனது. அடித்தவர் உலகப் புகழ் பெற்றார். நழுவவிட்டவரும்தான்.

நான் கல்யாணமாகி வந்தபோது இதெல்லாம் பழங்கதை. தன்னைப் பற்றித் தானே கேலி பேசுகிற கிழவரைத்தான் எனக்குத் தெரியும். காப்பித் தம்ளரை என்னிடம் நீட்டும்போது, “ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கம்மா, குடுக்கறது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்” என்பார். என் கணவர் அந்த நேரத்தில் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் அவர். யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். எதையோ தேடுகிற சாக்கில்தான் போவார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

காலையில் மாமனார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “யாரெல்லாம் போயிருக்காங்க?” என்பது. நான் சொல்வேன். தெரிந்த பெயராக இருந்தால் ஒரு ‘ச்சு’ கொட்டுவார். தெரியாவிட்டால், “பாவம், நமக்குத் தெரியாமலே இருந்துட்டுப் போயிட்டார்” என்பார்.

அந்த மாதம் முதல் வாரத்தில் ஒரு மலையேற்ற வீராங்கனையும் ஒரு வானியல் பேராசிரியரும் போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்த செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

“மாமா, அந்தத் தீவுக்காரர் காலமாயிட்டாராம். உங்க… அந்த கோல் அடிச்சவர்.”

கத்தி அப்படியே நின்றது.

“முழங்காலா?”

“முழங்கால்ல யாராவது சாவாங்களா மாமா? தூக்கத்துல, இதயம் நின்னு போச்சாம்.”

“அவனுக்கு முழங்கால்தான் பிரச்சினை” என்றார். “ஒரு தடவை ஏர்போர்ட்ல பார்த்தேன். ரெண்டு பேரும் ஆட்டத்தை விட்டு ரொம்ப வருஷம் ஆயிருந்துச்சு. அவன்தான் என்னை அடையாளம் கண்டுபிடிச்சு வந்தான். எங்கே உட்கார்றதுன்னு தெரியாம ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே டீ குடிச்சோம்.”

“கோலைப் பத்திப் பேசினீங்களா?”

“அதைப் பேச என்ன இருக்கு? எல்லாருந்தான் பார்த்தாங்களே. முழங்கால் வலியைப் பத்திப் பேசினோம். எனக்கு ஒரு தைலம் பேர் எழுதிக் குடுத்தான். உபயோகமில்லாத தைலம்.”

மீதி ரொட்டியைச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

விதிப்படி நான் உறுதிசெய்ய வேண்டும். ஒரு விளையாட்டு நிருபர் மூலமாகத் தீவுக்காரருடைய மகளின் எண் கிடைத்தது. அன்று விடுமுறை நாள், வீட்டிலிருந்தே பேசினேன். அவருக்கும் எனக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பொது மொழியில், தட்டுத்தடுமாறிப் பேசினோம். பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் எந்த ஊர்ப் பத்திரிகை என்று கேட்டார். சொன்னேன்.

“அப்பாவோட கோல்கீப்பர் அங்கேதானே? அவர் இருக்காரா?”

அப்பாவோட கோல்கீப்பர். அப்படித்தான் கேட்டார்.

“இருக்கார். எதிர் அறையில ரேடியோ கேட்டுட்டிருக்கார். நான் அவரோட மருமகள்.”

பேச முடியுமா என்று கேட்டார். மாமனாரிடம் போய்ச் சொன்னேன். ரேடியோவை அணைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், யாரோ வாசலில் வந்து நிற்பதுபோல. பிறகுதான் போனை வாங்கினார்.

அந்தப் பெண் அழுதிருக்க வேண்டும். இவர் நிறைய நேரம் “ஆமா, ஆமா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து அந்நியச் சொற்களை வைத்துக்கொண்டு சொன்னதை நானும் கேட்டேன். “உங்க அப்பா அடிச்சது நல்ல அடி. ரொம்ப வேகம். என்னால மட்டும் இல்ல, யாராலயும் பிடிச்சிருக்க முடியாது.”

போனைத் திருப்பிக் கொடுத்ததும் கேட்டேன். “மாமா, அது வேகமான பந்தா?”

“எங்கேம்மா! ஆடி அசைஞ்சு, வழி விசாரிச்சுக்கிட்டு வந்த பந்து. நீகூடப் பிடிச்சிருக்கலாம்.” ரேடியோவை மறுபடி திருகினார். “அப்பன் செத்த பொண்ணுகிட்ட வேற என்ன சொல்றது?”

அன்று மாலையே தீவுக்காரரைப் பற்றிய நாற்பது சொற்களை எழுதினேன். ‘எதிரணிக் கோல்கீப்பரின் கை நழுவியதில் கிடைத்த கோல் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது’ என்று ஒரு வரி. மாமனார் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“எதிரணிக் கோல்கீப்பர்னா யாரு? அவனுக்குப் பேர் இல்லையா?”

“உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு…”

“மலையேறினவ பேர் இருக்கு. மலையோட பேரும் இருக்கு. பந்தை விட்டவன் பேர் மட்டும் இல்ல. போடும்மா. ஊருக்கே தெரிஞ்ச ரகசியம்.”

பெயரைப் போட்டேன். அதற்காக இரண்டு சொற்களை வேறு இடத்தில் வெட்ட வேண்டியிருந்தது.

பக்கம் முடியக் கொஞ்ச நாள் இருந்தபோது மாமனாரும் போய்விட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மாலையில் டீ எடுத்துக்கொண்டு போய் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வலி எதுவும் இருந்திருக்காது என்றார். என் கணவர் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்தபடியே இருந்தார். நான் போன் செய்ய வேண்டியவர்களுக்கெல்லாம் செய்தேன். செய்யும்போதுதான் கவனித்தேன், வேலையில் கேட்கிற அதே கேள்விகளுக்கு இப்போது நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, பக்கத்து ஊரில் மருந்துக்கடை நடத்துகிறார். அன்றிரவே வந்துவிட்டார். எதையும் உரக்கப் பேசாத பெண்மணி. இறுதிச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகுதான் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த ஒரே படம். தரையில் விழுந்து கிடக்கும் அப்பா, கோட்டைத் தாண்டிய பந்து. ‘பந்தை நழுவவிட்டவர் மறைந்தார்.’ ஒரு பத்திரிகை, ‘கடைசிப் பந்தும் நழுவியது’ என்று எழுதியிருந்தது.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“செத்த அன்னைக்குமா?” என்றார். “ஒரு நாள்கூட விடமாட்டாங்களா?”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“உன் பக்கத்துல அப்பா வருவாரில்ல?”

“வருவார் அண்ணி.”

“அதுல அந்த கோல் வரக் கூடாது. மத்தவங்க எப்படியோ போகட்டும். நம்ம வீட்டு ஆள் எழுதற இடத்துலயாவது அது இல்லாம இருக்கணும். அவர் வேற எதுவுமே பண்ணலையா வாழ்க்கையில?”

என் கணவர் மெதுவாகச் சொன்னார். “அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு.”

உண்மையைச் சொன்னால், அந்த கோல் இல்லாவிட்டால் மாமனாரை இரண்டாவது நாட்டில் யாருக்கும் தெரியாது. விதிப்படி அவர் பக்கத்துக்குள்ளேயே வர முடியாது. தவிர, அதே பக்கத்தில் தீவுக்காரர் இருக்கிறார். அவருடைய வரிகளில் கோல் இருக்கிறது, மாமனாரின் பெயரும் இருக்கிறது. நாலு படம் தள்ளி அதே பெயர், அதைப் பற்றி ஒன்றும் தெரியாததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

இதையெல்லாம் அப்போது சொல்லவில்லை. “பார்க்கலாம் அண்ணி” என்றேன்.

மறுநாள் ஆசிரியர் துக்கம் விசாரித்துப் போன் செய்தார். “பக்கத்தை இந்த மாசம் வேற யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நாத்தனார் கேட்டதைச் சொன்னேன்.

“விட்டுடுங்க, கோலைப் போட வேண்டாம். நம்ம பக்கந்தானே, யார் கேட்கப் போறாங்க?”

“அவரே கேட்பார் சார்” என்றேன். “பந்தை விட்டவன் பேரைப் போடுன்னு சொன்னவர் அவர்.”

“அப்போ போடுங்க.”

“போட்டா அண்ணி என் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாங்க.”

“அப்போ நான் போனை வெச்சிடறேன்” என்றார் ஆசிரியர். குடும்பச் சண்டையில் தலையிடாதவர்.

அன்று பகலில் நாத்தனாரும் நானும் மாமனாரின் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தோம். சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டே நான் பேச்சை எடுத்தேன். அவரே தன் பெயரைப் போடச் சொன்னதையும், தீவுக்காரர் மகளோடு பேசியதையும் சொன்னேன். அவர் கோலைப் பற்றிக் கடைசி வரை வெட்கப்படவில்லை, நாம் ஏன் ஒளிக்க வேண்டும் என்றும் கேட்டேன். நியாயமாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

“உனக்கு அவரைத் தாத்தா வயசுல தெரியும்” என்றார். “எனக்கு அப்போ ஏழு வயசு. தம்பி பொறக்கவே இல்ல. ஜனங்க எறிஞ்ச கல்லுல வாசப்பக்கத்து ஜன்னல்ல ஒரு கண்ணாடி மிச்சமில்ல. அம்மா என்னைப் பின்வாசல் வழியா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஸ்கூல்ல டீச்சர் சாக்பீஸ் டப்பாவை என் கையில குடுக்கும்போது, ‘பத்திரம், அப்பா மாதிரி போட்டுடாதே’ன்னு சொன்னாங்க. கிளாஸே சிரிச்சுது. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொல்லி அழுதேன். அவர் என்ன பண்ணார் தெரியுமா?”

“என்ன பண்ணார்?”

“சிரிச்சார். ‘டீச்சர் நல்லாத்தான் சொல்லியிருக்காங்க, டப்பாவைக் கீழ போட்டியா இல்லையா?’ன்னு கேட்டார். அவருக்குச் சிரிக்கத் தெரிஞ்சுது, தப்பிச்சிட்டார். எனக்குத் தெரியல. தம்பிக்கும் தெரியல. அவன் பெரியவனாகி, பொண்ணு பார்க்கப் போன இடத்துலகூட ஒருத்தர், ‘ஓ, எண்ணெய்க்கை மகனா?’ன்னு கேட்டார். அவன் உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டான்.”

சொன்னதில்லை. காப்பித் தம்ளர் கேலிக்கு எழுந்து போகிற கணவரின் முதுகு எனக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் அவர் எதையோ தேடப் போகிறார் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கேலிக்கு உரக்கச் சிரித்தவள் நான்தான். இந்த வீட்டில் அதற்குச் சிரித்த இரண்டே பேர் மாமனாரும் நானும்.

“அதுக்கப்புறம் அவர் ஆட்டத்தை விட்டுட்டாரா அண்ணி?” என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. எல்லாச் செய்தியும் அந்த அரையிறுதியோடு நின்றுவிடும்.

“எங்கே விட்டார்! தேசிய அணியில சேர்க்கல, அவ்வளவுதான். நீரேற்று நிலையத்துக்குன்னு ஒரு டீம் இருந்துச்சு. அதுல ஒன்பது வருஷம் நின்னார். அம்மா காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினாங்க, விட்டுடுங்கன்னு. ‘வேற யாரு நிப்பா?’ன்னு கேட்டுட்டு ஷூவை மாட்டிட்டுப் போயிடுவார். ஒவ்வொரு வாரமும் நானும் அம்மாவும் போய் உட்காருவோம். நாங்க போகலைன்னா அவர் தனியா இருப்பாரேன்னு.”

“ஜனங்க என்ன பண்ணாங்க?”

“எண்ணெய் பாக்கெட் எறிவாங்க. சின்னச் சின்ன பாக்கெட். கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி கூட்டமா நின்னு, ‘இந்தா, கைக்குத் தடவிக்கோ’ன்னு வீசுவாங்க. ஆட்டம் முடிஞ்சதும் அப்பா…” நாத்தனார் நிறுத்தினார். வாயோரம் துடித்தது. “உடையாத பாக்கெட்டையெல்லாம் பொறுக்கி, ஷூ பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துடுவார். நல்ல எண்ணெய்டி அது. எங்க வீட்டுல ரொம்ப நாளைக்கு எண்ணெய்ங்கிறதை காசு குடுத்தே வாங்கல. ஒரு வாரம் யாரும் எறியலைன்னா அம்மா, ‘என்னங்க, இந்த வாரம் ஒண்ணும் வரலையா?’ன்னு கேட்பாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். பக்கத்து அறையிலிருந்து என் கணவர் வந்து, துக்க வீட்டில் இரண்டு பெண்கள் இப்படிச் சிரிப்பதைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றார். அதற்குள் நாத்தனாரின் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டிருந்தது. அப்பா இறந்ததிலிருந்து அவர் அப்போதுதான் அழுதார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அழுகை அடங்கியதும் சொன்னேன். “இதை எந்தப் பத்திரிகையிலயும் எழுதல அண்ணி. யாருக்கும் தெரியாது.”

“நீ எழுதாதே” என்றார் உடனே.

“நான் எழுதப் போறதில்ல. எனக்கு எழுத உரிமையும் இல்ல. நீங்க எழுதுங்க.”

“எனக்கு மருந்துச் சீட்டு படிக்கத்தான் தெரியும்.”

“டாக்டர் கையெழுத்தையே படிக்கறவங்களுக்கு எழுதறதா கஷ்டம்? என்ன வேணுமோ எழுதுங்க. கோல் வேண்டாம்னா வேண்டாம். நான் ஒரு வார்த்தை மாத்த மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை, நாற்பது சொல்லுக்கு மேல போகக் கூடாது.”

மறுநாள் காலை என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். என் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான் மற்ற எட்டுப் பேரைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாத்தனார் மளமளவென்று எழுதினார். தேசிய அணிக்காக ஆடிய ஆட்டங்கள், வாங்கிய கோப்பைகள், வேலையில் கிடைத்த பாராட்டு, தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வரப் பாடுபட்டது, நல்ல குரல் வளம். இரண்டு பக்கம் வந்தது. கோல் இல்லை.

“இப்போ குறைங்க அண்ணி.”

முதலில் குரல் வளம் போனது. பிறகு தண்ணீர்க் குழாய். கோப்பைகளை வெட்டும்போது முகம் சுருங்கியது. கடைசியில் கையில் நின்றது, யார் வீட்டு அப்பாவுக்கும் பொருந்துகிற நாலு வரி. அதை உரக்கப் படித்துப் பார்த்தார்.

“இது யாருடி?” என்றார். “இது அப்பா மாதிரியே இல்லையே.”

என் மேசையில் இருந்த தீவுக்காரரின் வரிகளை எடுத்துப் படித்தார். அதில் அப்பாவின் பெயர் வரும் இடத்தில் விரல் நின்றது. கீழே வைத்தார். புதுத் தாள் எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை மெதுவாக எழுதினார். இடையில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் டீ வாங்கி வைத்தது ஆறிப்போனது.

எழுதி முடித்துத் தாளை என் பக்கம் தள்ளினார்.

‘நீரேற்று நிலைய ஊழியர், தேசிய அணியின் கோல்கீப்பர். சர்வதேசப் போட்டியின் அரையிறுதியில் கையில் பிடித்த பந்தை நழுவவிட்டார், அணி தோற்றது. அதன் பிறகு, பார்வையாளர்கள் எண்ணெய்ப் பாக்கெட் வீசிய மைதானங்களில், உள்ளூர் அணிக்காக ஒன்பது ஆண்டுகள் ஒரு ஆட்டம் தவறாமல் வலைக்கு முன்னால் நின்றார். மகள், மகன், மருமகள் உள்ளனர்.’

எண்ணிப் பார்த்தேன். “இன்னும் நாலு சொல்லுக்கு இடம் இருக்கு அண்ணி.”

தாளை இன்னொரு தடவை படித்தார்.

“வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

ஆசிரியர் படித்துவிட்டு, “ஒரு ஆட்டம் தவறாமல்னு இருக்கே, இதை எப்படி உறுதிசெஞ்சீங்க?” என்று கேட்டார். பழக்கதோஷம்.

“நான் ஒவ்வொரு ஆட்டத்துலயும் உட்கார்ந்திருந்தேன் சார்” என்றார் நாத்தனார். ஆசிரியர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பக்கம் வடிவமைக்கும் பையனுக்கு இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஆசை. “அடிச்சவரும் விட்டவரும் ஒரே மாசத்துல, சும்மா அள்ளும் மேடம்” என்றான். கூடாது என்றேன். இறந்த தேதி வரிசைப்படிதான் போடுவோம், எல்லாருக்கும் அதுதான். தீவுக்காரர் மூன்றாவதாக வந்தார், மாமனார் எட்டாவதாக. நடுவில் ஒரு நடிகை, ஒரு நாட்டின் முன்னாள் நிதியமைச்சர், வேறு இரண்டு பேர். படத்துக்கு, நீரேற்று நிலைய அணியோடு அவர் நிற்கிற குழுப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்தோம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

பத்திரிகை வெளியானது. நாத்தனாருக்கு இரண்டு பிரதிகளைத் தபாலில் அனுப்பினேன். தீவுக்காரரின் மகளுக்கும் ஒன்று அனுப்பினேன். அவருக்கு நம் எழுத்து தெரியாது, படத்தையாவது பார்க்கட்டும் என்று. வாசகர்களிடமிருந்து வழக்கம்போலச் சில கடிதங்கள் வந்தன. பெரும்பாலும், யாரோ ஒரு பாடகியை எப்படி விட்டீர்கள் என்ற கோபம். மாமனாரைப் பற்றி ஒருவர் மட்டும் எழுதியிருந்தார். சின்ன வயதில் தானும் அந்தக் கூட்டத்தில் நின்று ஒரு பாக்கெட் வீசியதாகவும், அதை அவர் எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்ததாகவும். கடிதத்தை என் கணவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “பரவாயில்ல, வீணாகல” என்றார். அவர் அப்பாவைப் பற்றி முதல் தடவையாகச் சொன்ன வேடிக்கை அது.

அந்த வார முடிவில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் ஒரே சத்தம்.

“பார்த்தீங்களா அண்ணி?”

“பார்த்தேன்.” யாருக்கோ மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தார். “அந்த நிதியமைச்சர் இருக்காரே, அவர் பேர்ல ஒரு எழுத்து தப்பு. ஒத்தைக் கொம்பு போட வேண்டிய இடத்துல ரெட்டைக் கொம்பு போட்டிருக்கே.”

எடுத்துப் பார்த்தேன். நாலு பேர் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. அடுத்த மாதம் திருத்தம் வெளியிட்டோம்.